குழாய்க்கும் குளிரும்!

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைக்குள் ஏறினால் காவலூர் வரும். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஊர். 1986 ஜனவரியில் அங்கே திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இன்றைக்கும் ஒரு பெருமை. டிசம்பர் இரவில் அங்கே நின்று வானம் பார்ப்பவருக்கு ஒரு ஸ்வெட்டர், காதை மூட ஒரு மப்ளர், ஃப்ளாஸ்க்கில் டீ. இவ்வளவு போதும்.

அந்த வானாய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கே இன்னொரு கண், லடாக்கின் ஹான்லேயில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு மொட்டைக் குன்று, அதன் மேல் 2 மீட்டர் தொலைநோக்கி. அதை இயக்குகிறவர்கள் பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். காரணம் கேட்கவே வேண்டாம். ஹான்லேயில் குளிர்கால இரவு மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும்.

2022-ல் ஹான்லே வட்டாரம் இருள்வானக் காப்பகம் என்று அறிவிக்கப்பட்ட பிறகு, நட்சத்திரம் பார்க்க அங்கே போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் போகிறார்கள். விமானத்தில் லே வரை போய் அங்கிருந்து டாக்ஸி பிடிப்பது ஒரு வகை. கிருஷ்ணகிரியில் என்.எச்.44-ஐப் பிடித்து, வண்டியிலேயே படுத்து, வண்டியிலேயே சமைத்து, குடும்பத்தோடு வடக்கே போவது இன்னொரு வகை. டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில், சின்ன சிங்க், தண்ணீர் டேங்க், கழிவறை வைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். சினிமாக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த ‘கேரவன்’ இப்போது குடும்ப வண்டியாகவும் ஆகிவருகிறது. கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கு என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது.

இதில் ஒரு சிக்கல். நம் ஊரில் கட்டப்படும் இந்த வண்டிகள் எல்லாம் வெயிலுக்குக் கட்டப்பட்டவை. ஏ.சி. உண்டு, ஃபேன் உண்டு, கூரையில் சோலார் உண்டு. குடிதண்ணீர் டேங்க் வண்டிக்கு அடியில் தொங்கும். பைப்பும் அடியிலேயே ஓடும். திருப்பத்தூர் பிளம்பரிடம் போய், “பைப் உறைஞ்சுபோகாம இருக்க என்ன பண்ணலாம்?” என்று கேட்டால், “நம்மூர்ல மதியம் டேங்க்கைத் திறந்தா கை சுடுது, நீங்க உறையறதைப் பத்திக் கேக்கறீங்களே அண்ணே” என்று சிரிப்பார். அவர் மேல் தப்பில்லை. அவர் தொழிலில் அந்த வேலையே வந்ததில்லை.

அக்டோபரில் கிளம்பினால்கூட ஹான்லே இரவு பூஜ்யத்துக்குக் கீழேதான். மாலை வரை வெயில் சுள்ளென்று அடிக்கும். ‘இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினாங்க’ என்று தோன்றும். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கக் குழாயைத் திறந்தால் காற்றுகூட வராது.

உறைந்தால் என்ன, காலையில் வெயில் வந்ததும் உருகிவிடாதா? உருகும். அப்போதுதான் செலவு தெரியும்.

தண்ணீர் ஒரு விசித்திரமான திரவம். குளிரக் குளிரச் சுருங்கிக்கொண்டே வரும்; 4 டிகிரிக்கு வந்ததும் மனம் மாறி விரிய ஆரம்பிக்கும். பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடிவிடும். ஃப்ரீசரில் மறந்து வைத்த கண்ணாடி பாட்டில் விரிசல் விடுவது இதனால்தான். பைப்பிலும் இதேதான் நடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே நடப்பது கொஞ்சம் வேறு. பனிக்கட்டி உட்கார்ந்த இடத்திலேயே பைப் வெடிப்பது குறைவு. குளிர் அதிகம் படும் ஓர் இடத்தில் முதலில் ஒரு பனித் தக்கை உருவாகிறது. அது வளர வளர, மூடியிருக்கும் குழாய்க்கும் தக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் நெருக்கப்படுகிறது. தண்ணீரைச் சுருக்க முடியாது, போக வழியும் இல்லை. அழுத்தம் ஏறி ஏறி, எங்கே இணைப்பு பலவீனமோ அங்கே விட்டுக்கொடுக்கிறது. உறைந்த இடம் வண்டிக்கு அடியில் இருக்கும். உடைந்த இடம் சிங்க்குக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும்.

ராத்திரி உடைந்ததும் தெரியாது. பனியே அடைப்பாக நின்று தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். காலை பத்து மணிக்கு உருகும்போதுதான் மெத்தை நனையும், பலகை ஊறும். தண்ணீர் வயரிங் பக்கம் போனால் அது தனிக் கதை. அருகிலுள்ள பெரிய ஊர் லே. அதுவே மலைப்பாதையில் சுமார் 250 கிலோமீட்டர்.

இந்தக் காரணம் புரிந்தால் ஒரு வைத்தியம் தானே புரியும்: ராத்திரி குழாயை மூடி வைக்காதே. அமெரிக்கா, கனடாவில் குளிர் அலை வந்தால் வீடுகளில் குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து விடச் சொல்வது இதற்குத்தான். ஓடும் தண்ணீர் உறையாது என்பது அதில் பாதி உண்மை. அழுத்தம் ஏற இடம் கொடுக்காமல் இருப்பதுதான் முக்கியமான பாதி. ஆனால், வீட்டு வைத்தியம் வண்டிக்குச் சரிப்படாது. வீட்டுக்குத் தெருக் குழாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். வண்டியில் சொட்டவிட்டால், அழுத்தம் குறையும்போதெல்லாம் பம்ப் ‘டர்ர்’ என்று ஓடும். தூக்கம் போகும், பேட்டரி இறங்கும், விடிவதற்குள் கழிவுநீர் டேங்க் நிரம்பி அதுவும் உறையும். வண்டியில் செய்ய வேண்டியது, பம்ப் ஸ்விட்சை அணைத்துவிட்டு, எல்லாக் குழாயையும் ஒருமுறை திறந்து அழுத்தத்தை வெளியேற்றி, திறந்தபடியே விட்டுப் படுப்பது. இதற்குக் காசு செலவே இல்லை.

டேங்க் உறைந்துவிடுமே என்று பயப்படுகிறவர்கள், பைப்பைப் பற்றிப் பயப்படுவதில்லை. கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் தலைகீழ். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் உறைய, அதிலிருந்து சுமார் 80 கிலோ கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். 5 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் டேங்க் முழுக்கப் பாறையாக உறைய வேண்டுமானால், 1,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓடித் தரும் அளவு வெப்பத்தை அது இழக்க வேண்டும். ஒரே ராத்திரியில் மேலே ஓர் அடை கட்டலாம். முழுசாக உறைவது கஷ்டம். அரை இஞ்ச் பைப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்குள் இருப்பதோ ஒரு சின்ன டம்ளர் தண்ணீர். அதைச் சுற்றி நாலா பக்கமும் குளிர் காற்று. அரை மணி, ஒரு மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். அதிலும் முதலில் போவது பித்தளை டீ, எல்போ, வால்வ் மாதிரி உலோகத் துண்டுகள். உலோகம் வெப்பத்தைச் சட்டென்று கடத்திவிடும்.

அமெரிக்கப் பிளம்பர்கள் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கைக் கோடு வைத்திருக்கிறார்கள்: வெளியே மைனஸ் 7 டிகிரி வந்தால் மூடாத பைப் உறைய ஆரம்பிக்கும் என்று. அது சுவரும் கூரையும் உள்ள வீட்டுக்கு. வண்டிக்கு அடியில் சுவர் ஏது? பாலத்தின் மேல் தார்ச்சாலை தரைச் சாலையைவிட முன்னால் உறைவது போல, அடியிலும் காற்று ஓடுவதால் வண்டி சீக்கிரம் குளிரும். பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு, மூன்று டிகிரி இறங்கி நாலைந்து மணி நேரம் அப்படியே நின்றால் ஜாக்கிரதையாகிவிட வேண்டியதுதான்.

தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்கு மேலே காட்டினாலும் பனி கட்டும் என்பது இன்னொரு வேடிக்கை. ஊட்டிக்காரர்களுக்கு இது புதிதில்லை. தலைக்குந்தாவில் ஜனவரி காலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று இருக்கும். கார் கூரையில் சுரண்டி எடுக்கிற அளவுக்குப் பனி படிந்திருக்கும். மேகம் இல்லாத இரவில் தரையும் தகரமும் தங்கள் வெப்பத்தை நேராக வானத்துக்கு அனுப்பிவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துபோகின்றன. நம் முன்னோர் இதை வைத்து வியாபாரமே செய்திருக்கிறார்கள். அலகாபாத் பக்கம் குளிர்கால இரவுகளில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியற்காலையில் பனிக்கட்டி அள்ளுவார்கள். ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775-ல் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். ஃப்ரிட்ஜ் என்ற பெயரே இல்லாத காலம்.

கேரவன்காரருக்கு இதில் சேதி உண்டு. முகாமில் தண்ணீர் பிடிக்கப் போட்ட ஓஸ் பைப்பைப் புல்லில் அப்படியே விட்டுவிட்டுப் படுப்பது, அலகாபாத் மண் தட்டை வைத்துவிட்டுப் படுப்பதற்குச் சமம். வண்டிக்குள் இருக்கும் பைப் தப்பித்தாலும் வெளியே கிடக்கும் ஓஸ் தப்பாது. சாயங்காலமே டேங்க்கை நிரப்பி, ஓஸைக் கழற்றி, தண்ணீரை வடித்து, சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். வண்டியை மரத்தடியிலோ சுவரோரத்திலோ நிறுத்தினால், கொஞ்சமாவது வானம் மறையும். நீலகிரிக்கு இது நன்றாகவே உதவும். ஹான்லேயில் மரத்துக்கு எங்கே போவது?

சரி, பைப்புக்குப் போர்வை போர்த்தினால்? கருப்பு ஃபோம் குழாய் கடைகளில் கிடைக்கிறது, ஏ.சி. மெக்கானிக்குகள் காப்பர் பைப்புக்கு மாட்டுவார்களே, அதேதான். மாட்டலாம், மாட்டத்தான் வேண்டும். ஆனால், போர்வை சூடு தராது. இருக்கும் சூட்டை மெல்ல விடும், அவ்வளவுதான். கம்பளி போர்த்திய ஐஸ் வண்டியில் ஐஸ் உருகாமல் இருந்ததும் இதே போர்வையால்தானே! உள்ளே சூடு தரும் ஒன்று இல்லாவிட்டால், ஃபோம் போட்ட பைப் இரண்டு மணி நேரம் தாமதமாக உறையும். ஊட்டிக்கு அந்த இரண்டு மணி நேரம் போதும், அதற்குள் விடிந்துவிடும். லடாக்குக்குப் போதாது.

அதனால் வண்டி கட்டும்போதே கேட்க வேண்டிய கேள்வி, பைப் எங்கே ஓடுகிறது என்பது. டேங்க், பம்ப், பைப் எல்லாம் தரைக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, ஆட்கள் தூங்கும் அதே அறைக்குள் இருந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. நான்கு பேர் தூங்கும் அறை மனித உடம்பின் சூட்டிலேயே கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இடம் அடைக்கிறதே என்று டேங்க்கை அடியில் தொங்கவிடச் சொல்லும் ஃபேப்ரிகேட்டரிடம் கொஞ்சம் பிடிவாதம் காட்டலாம். பைப்பும் வீட்டுக்குப் போடுவது போல சிபிவிசி போட்டால் குளிரில் மொறுமொறுப்பாகிவிடும். ஓர் இடி இடித்தால் விரியும். பெக்ஸ் எனப்படும் வளையும் பைப் கொஞ்சம் விரிந்து கொடுத்துத் திரும்பச் சுருங்கும். அதிலும் இணைப்புகள் விரிசல் விடலாம் என்பதால் அதை வைத்து அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவை ராத்திரி திறந்து வைப்பது மிகச் சின்ன வேலை. பலரும் மறப்பதும் இதைத்தான். பைப் ஓடுவது அந்த அலமாரிக்குள், வெளிச் சுவரை ஒட்டி. கதவை மூடினால் அறையின் சூடு அங்கே போகாது. வெளிநாட்டு வண்டிகளில் இதே தப்பு வேறு உருவத்தில் நடக்கிறது. அங்கே பெரிய கேஸ் ஹீட்டர் ஒன்று, குழாய் வழியாக அடித்தளத்துக்கும் சூடான காற்றை அனுப்பும்படி அமைத்திருப்பார்கள். கேஸை மிச்சப்படுத்த நினைப்பவர், அறைக்குள் சின்ன எலெக்ட்ரிக் ஹீட்டர் ஒன்றை வைப்பார். அறை கதகதப்பாகும். ‘போதுமான சூடு இருக்கிறது’ என்று தெர்மோஸ்டாட் பெரிய ஹீட்டரை அணைத்துவிடும். ஆட்கள் சுகமாகத் தூங்க, காலடியில் பைப்புகள் உறைந்துகொண்டிருக்கும்.

பைப்பைச் சுற்றி ஒட்டும் ஹீட் டேப் கிடைக்கிறது. மின்சாரத்தில் சூடாகும் நாடா. மீட்டருக்கு 15 வாட் என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர் பைப்புக்கு 75 வாட். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை ஓடினால் 900 வாட்-ஹவர். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் முக்கால்வாசியை அதுவே சாப்பிட்டுவிடும். மின்சாரம் இழுக்க வசதியுள்ள முகாமில் மட்டும் இதை நம்பலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அது பூஜ்யத்துக்குக் கீழே மின்சாரம் கொடுக்கும். அந்தக் குளிரில் அதற்குள் மின்சாரம் ஏற்றினால் நிரந்தரமாகப் பழுதாகும். காலை வெயில் சோலாரில் பட்டதும் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும், பேட்டரியோ இன்னும் விறைத்துக் கிடக்கும். நல்ல பேட்டரியில் அதைத் தடுக்கும் கட்டுப்பாட்டு போர்டு இருக்கும். வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டும். பேட்டரியையும் அறைக்குள் வைப்பது நல்லது.

கேஸ் சிலிண்டர் விஷயம் இன்னும் விசேஷம். நம் வீட்டு எல்.பி.ஜி.யில் பியூட்டேனும் புரோப்பேனும் கலந்திருக்கின்றன. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில்கூட வாயுவாகும். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே போனால் திரவமாகவே உட்கார்ந்துவிடும். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கும், அடுப்போ எரியாது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றுவார்கள், அதுவும் அப்படியே. டீசலும் இதே ரகளைதான் செய்யும். குளிரில் மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். லடாக்குக்கு என்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. அடிவாரத்தில் நிரப்பிய சாதா டீசலோடு மேலே ஏறிவிடாமல், அங்கே கிடைப்பதைக் கேட்டு நிரப்ப வேண்டும். டீசலில் ஓடும் ஹீட்டர் வைத்திருக்கும் வண்டிக்கு இது இரட்டை அவசியம்.

பைப்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில் ஆட்களைப் பணயம் வைக்கும் இடமும் ஒன்று உண்டு. வண்டிக்குள் கரி அடுப்பு, கேஸ் அடுப்பை எரியவிட்டுக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவது. கொடைக்கானல் அறைகளில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நாம் படித்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, இருமல்கூட வராது. தலைவலியும் மயக்கமும் வரும். லடாக்கில் தலைவலி வந்தால் ‘உயரம் ஒத்துக்கலை’ என்று மாத்திரையைப் போட்டுப் படுத்துவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து. டீசல் பார்க்கிங் ஹீட்டர் இதில் வேறு ரகம். எரிய வேண்டிய காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே விடுகிறது. அதிலும் புகைக்குழாய் வாயைப் பனி மூடாமல் இருக்கிறதா என்று படுக்கும் முன் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் மாட்டாமல் எந்த ஹீட்டரையும் போடக் கூடாது. பைப் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

உண்மையில், மைனஸ் 10-க்குக் கீழே போகும் என்று தெரிந்த ஊருக்கு மிகச் சுலபமான வழி, பைப்பில் தண்ணீரே வைக்காமல் இருப்பது. லடாக்கிகள் செய்வது அதைத்தான். குளிர்காலம் வந்தால் லேயில் பல வீடுகளில் பைப்புகளை வடித்துக் காயவிட்டு, டேங்கர் தண்ணீரையும் வாளியையும் நம்பி வாழ்கிறார்கள். கழிவறையும் தண்ணீர் இல்லாத உலர் கழிவறை. மண்ணும் சாம்பலும் போட்டு மூடி, பிறகு வயலுக்கு உரமாக்கும் பழைய முறை. தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் விலகி நிற்கிறார்கள். சோனம் வாங்சுக் குழுவினர் குளிர்காலத் தண்ணீரைப் பீய்ச்சி உறையவைத்து எழுப்பும் பனி ஸ்தூபிகளிலும் பெரிய தலைவலி எது தெரியுமா? ஸ்தூபிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பைப் நடுவழியில் உறைந்து அடைத்துக்கொள்வதுதான். பனிக்கட்டி செய்வதற்கென்றே போட்ட பைப்புக்கே அந்த கதி.

வண்டியை வடிப்பது அரை மணி வேலை. டேங்க்கின் அடி வால்வைத் திறந்து காலி செய்ய வேண்டும். கீசர் இருந்தால் முதலில் ஸ்விட்சை அணைத்து, ஆறவிட்டு, அதையும் வடிக்க வேண்டும். எல்லாக் குழாயையும், சூடு பக்கம், குளிர் பக்கம் இரண்டையும் திறந்து, பைப்பின் தாழ்வான இடத்தில் உள்ள வடிகால் மூடிகளைக் கழற்ற வேண்டும். பம்ப்பைச் சில விநாடிகள் ஓடவிட்டால் அதன் வயிற்றில் இருப்பதும் வெளியேறும். பம்ப் கூடு விரிசல் விட்டால் மாற்று கிடைப்பது கஷ்டம். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரால் 30 பி.எஸ்.ஐ. அளவில் மெதுவாகக் காற்றை ஊதினால் பள்ளங்களில் தேங்கியதும் வந்துவிடும். டயருக்கு வைக்கும் வேகத்தில் வைத்தால் இணைப்பு பிய்த்துக்கொள்ளும். ஃபில்டர் கூடு, கழிவறை ஃப்ளஷ் வால்வ், பின்பக்கம் கால் கழுவ வைத்த ஷவர். இந்த மூன்றையும் மறப்பவர்களே அதிகம்.

சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் ‘ட்ராப்’பில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதை எடுத்தால் கழிவு டேங்க் நாற்றம் மேலே வரும். வெளிநாட்டில் அங்கே பிங்க் நிற புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தை ஊற்றுகிறார்கள். நம் ஊர் மெக்கானிக் கடையில் பச்சை நிற கூலன்ட் கேட்டு வாங்கி அதை ஊற்றிவிடாதீர்கள். அது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும் கொடிய விஷம். வண்டியில் குழந்தை இருந்தால், வாசலில் நாய் இருந்தால், நினைத்துப் பார்க்கவே வேண்டாம். எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் கால் கிலோ உப்பைக் கரைத்து ட்ராப்பில் ஊற்றலாம். மைனஸ் 15 வரை தாங்கும். பிளாஸ்டிக் ட்ராப்புக்கு மட்டும்தான் இது. பம்ப், பித்தளை வால்வ் பக்கம் உப்பு போகக் கூடாது. கழிவுநீர் வால்வை மூடியே வைத்திருந்து, நிரம்பியதும் மொத்தமாக, அதற்குரிய இடத்தில் வடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வெளியே விட்டால் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். சாங்தாங் புல்வெளியில் சோப்புத் தண்ணீரைக் கொட்டுவது அடுத்தவர் கிணற்றில் கொட்டுவது மாதிரி.

வடித்த பிறகு குடிக்கவும் சமைக்கவும்? 20 லிட்டர் கேன் இரண்டு, அறைக்குள், கட்டிலுக்குக் கீழே. கேனை முழுக்க நிரப்பாமல் நாலு விரல் இடம் விட்டால் உறைந்தாலும் வெடிக்காது. ராத்திரிக்கு வேண்டிய வெந்நீரை மாலையிலேயே கொதிக்கவைத்து ஃப்ளாஸ்க்கில் ஊற்றி வைப்பது புத்திசாலித்தனம். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதால் சோற்றுக்கு குக்கரைத்தான் நம்ப வேண்டும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தால் அரிசி அரிசியாகவே இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு காலையில் குழாயிலிருந்து ஒன்றும் வரவில்லையா? முதல் வேலை பம்ப்பை அணைப்பது. குழாயைத் திறந்தே வைத்துவிட்டு, ஹேர் டிரையராலோ வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலோ குழாய்ப் பக்கமிருந்து உள்நோக்கி மெதுவாகச் சூடு கொடுத்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் சூடு கொடுத்தால், இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்ட தண்ணீர் போக வழியில்லாமல் மறுபடி அழுத்தும். லாரி டிரைவர்கள் டீசல் டேங்க்குக்கு அடியில் கந்தல் துணியைக் கொளுத்திச் சூடு காட்டுவதைப் பார்த்து, பைப்புக்கும் லைட்டரைக் காட்ட யாருக்காவது தோன்றலாம். பெக்ஸும் ஃபோமும் பற்றிக்கொண்டால் வண்டியே மிஞ்சாது.

உருகி ஓட ஆரம்பித்த பிறகு, டேங்க்கை நிரப்பி எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பம்ப்பைப் போட வேண்டும். அழுத்தம் ஏறியதும் அது தானே நின்றுவிடும். வண்டியில் எல்லோரும் சத்தம் போடாமல் ஒரு பதினைந்து நிமிடம் காது கொடுக்க வேண்டும். யாரும் குழாயைத் தொடாமலே பம்ப் ஒரு முறை ‘டர்ர்’ என்று ஓடி நின்றால், எங்கோ கசிகிறது. கட்டில் பலகையைத் தூக்க வேண்டியதுதான்.